“ஸ்டேஷனுக்கு ஒரு தடவை வந்துட்டுப் போங்க”: சென்னையில் போலீஸ் ஃபோன் வந்தால் எதைக் கேட்பது, எதை எழுதி வைப்பது?

தாள்பேனா (இழை தொடக்கம்)

“சார், ஸ்டேஷன்லேர்ந்து பேசுறோம். உங்க மேல ஒரு மனு வந்திருக்கு, சாயங்காலம் வந்துட்டுப் போயிடுங்க.” இதற்கு என்ன பதில் சொல்வது என்பது இங்கே பல இழைகளில் அரைகுறையாகப் பேசப்பட்டிருக்கிறது. ஒரே இடத்தில் சேர்ப்போம். சொந்த அனுபவக் கதை வேண்டாம். எந்தப் பிரிவு, எந்தத் தாள், எத்தனை மணி நேரம், எங்கே சறுக்கும், இவ்வளவு போதும். 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) நடைமுறையில் இருப்பதால் அந்த எண்களையே போடுங்கள். இன்னும் பழைய சட்டத்தின் 41ஏ என்று மனு எழுதிக்கொண்டு போனால் ரைட்டருக்கே (ஸ்டேஷன் எழுத்தர்) சிரிப்பு வரும்.

நானே தொடங்கிவிடுகிறேன். ஃபோன் வந்ததும் பேசுபவரின் பெயர், பதவி, ஸ்டேஷன் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, சட்டம் ஒழுங்குப் பிரிவா குற்றப்பிரிவா என்று கேளுங்கள். சென்னையில் ஒரே கட்டடத்தில் இரண்டு இன்ஸ்பெக்டர்கள் இருப்பது சாதாரணம். தப்பான மேசைக்குப் போனால் இரண்டு மணி நேரம் பெஞ்சில்தான். ஸ்டேஷன் குறியீட்டையும் (மயிலாப்பூர் இ-1, மாம்பலம் ஆர்-1, அடையாறு ஜே-2 என்பது போல) குறித்துக்கொண்டால் பின்னால் மனு எழுதும்போது குழப்பம் வராது. 2022 ஜனவரி 1 அன்று தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகம் ஆகிவிட்டன. புறநகர்க்காரர்கள் எல்லாவற்றையும் வேப்பேரியில் உள்ள சென்னை ஆணையரகத்துக்கு அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: சி.எஸ்.ஆர். (வழக்குப் பதியாமல் மனுவைப் பெற்றதற்குத் தரும் ரசீது) எண் இருக்கிறதா, எஃப்.ஐ.ஆர். எண் இருக்கிறதா? மிச்சமெல்லாம் இந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

வாய்தா_வேலு

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே பிடிக்கிறேன். ஒரே மாதிரிக் குரலில் வருகிற இந்த ஃபோனுக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, மனு விசாரணை. வெறும் சி.எஸ்.ஆர். போட்டிருப்பார்கள், வழக்கு இருக்காது. சென்னையில் வருகிற அழைப்பில் பெரும்பகுதி இதுதான், அதிலும் கொடுக்கல் வாங்கல், வாடகை, சீட்டுப் பணம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஆளை எழுத்துமூலம் வரச்சொல்லும் அதிகாரத்தைத் தரும் 179ஆம் பிரிவு, “புலன்விசாரணை செய்யும் அதிகாரி”க்குத்தான் அதைத் தருகிறது. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் புலன்விசாரணை ஏது? ஆகவே சி.எஸ்.ஆர். நிலையில் கூப்பிடுவது, சட்டப்படி பார்த்தால், வேண்டுகோள்தான்.

இரண்டு, எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, உங்களைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். இது 179. எழுத்தில் உத்தரவு வர வேண்டும். அந்த ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ அடுத்த ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ இருப்பவரைத்தான் அழைக்கலாம். 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர், 60 வயதைத் தாண்டியவர், எந்த வயதுப் பெண்ணும், உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர், கடும் நோயில் இருப்பவர் ஆகியோரை வீட்டைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது. அவர்களே விரும்பினால் ஸ்டேஷனுக்குப் போகலாம். “விரும்பி வந்தார்” என்று பின்னால் எழுதிக்கொள்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்று, நீங்கள் எதிரி, அதாவது குற்றம்சாட்டப்பட்டவர். கைது தேவைப்படாத வழக்கு என்றால் 35(3) நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ்படி ஆஜராகி ஒத்துழைக்கும் வரை, காரணத்தை எழுதிப் பதிவு செய்யாமல் கைது செய்யக் கூடாது. ஆஜராகாவிட்டால் 35(6)படி கைது செய்யலாம். 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் இதைக் கட்டாயமாக்கியது. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறையான சார்வு (நோட்டீஸைச் சேர்ப்பித்தல்) ஆகாது என்று 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நேரில்தான் தர வேண்டும்.

நடைபாதை

வேலு சார், வேண்டுகோள் என்றால் போகாமலே இருந்துவிடலாமா? வாதத்தில் ஜெயிக்கலாம், ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டு வாசலில் ரோந்து வண்டி நிற்கும்போது?

பழைய_ரைட்டர்

தம்பி கேட்டதுக்கு ஸ்டேஷன் பக்கத்திலிருந்து பதில் சொல்றேன்.

ஃபோன்ல ஏன் கூப்பிடுறாங்கன்னா, சம்மன் அடிச்சா அதுக்கு ஒரு எண் வேணும், நகல் வேணும், ஜி.டி.ல (ஸ்டேஷன் நாட்குறிப்பு) ஏறணும். ஃபோன் பண்ணா ஒண்ணும் வேணாம். மனு நிலுவைக் கணக்கை மேலே கேட்பாங்க. இருதரப்பையும் உட்காரவைச்சு ‘சமாதானம்’னு எழுதி மூடுனா கணக்கு குறையும். முக்கால்வாசி நேரம் பகை ஒண்ணும் கிடையாது, கணக்குதான். அதனால ‘வரமாட்டேன்’னு முறைக்கிறதைவிட, வர்றதுக்கு ஒரு காகிதம் கேளுங்க.

செய்முறை இதான். ஃபோன் வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள அதே நம்பருக்கு ஒரு குறுஞ்செய்தி: “இன்று மாலை 4.10க்கு அழைத்தீர்கள். சி.எஸ்.ஆர். எண்ணும் மனு நகலும் தந்தால் நாளை காலை 11 மணிக்கு ஆஜராகிறேன்.” அவ்வளவுதான். மறுப்பு இல்லை, நேரம் நீங்க குறிச்சது, கூப்பிட்டதுக்கு ஆதாரம் ஆச்சு. காலை நேரம் கேட்கிறதுக்குக் காரணம் உண்டு. இன்ஸ்பெக்டர் இருப்பார், கோர்ட்டு திறந்திருக்கும், வக்கீலைப் பிடிக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரச்சொன்னா மட்டும் கொஞ்சம் உஷாரா இருங்க. எதுக்குன்னு வக்கீலுங்களுக்குத் தெரியும்.

போனதும் பாராவில (வாசல் காவல்) நிக்கிறவர்கிட்ட பேர் சொல்லி, வரவேற்பு மேசைல வருகைப் பதிவேடு இருந்தா நேரத்தோட எழுதுங்க. வெளியே வரும்போதும் நேரம் எழுதுங்க. எல்லாரும் மறக்கிறது இந்த ரெண்டாவதைத்தான்.

வாய்தா_வேலு

வெள்ளிக்கிழமைக்குக் காரணம், சனி ஞாயிறில் ஜாமீன் மனு நகராது. திங்கள் வரை உள்ளேதான்.

பெரியவர் சொன்ன அணுகுமுறைதான் சரி. சட்டத்தில் அதற்கு ஒரு பிடியும் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ‘நாட் டு ஹராஸ்’ (போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்று கேட்கும்) மனு என்று தினமும் வரிசையாக வருமே, அவற்றில் நீதிபதிகள் வழக்கமாகப் போடும் உத்தரவு நாலே வரி: அழைப்பதானால் தேதியும் நேரமும் குறிப்பிட்டு எழுத்தில் சம்மன் தர வேண்டும், விசாரணையின் விவரத்தை ஸ்டேஷன் நாட்குறிப்பில் பதிய வேண்டும், துன்புறுத்தக் கூடாது, எஃப்.ஐ.ஆர். பதிவது பற்றி 2013 லலிதா குமாரி தீர்ப்பைப் பின்பற்ற வேண்டும். உங்களுக்கென்று உத்தரவு வாங்காவிட்டாலும், இந்த வாசகத்தை உங்கள் பதில் கடிதத்தில் வைத்தால் படிப்பவருக்கு உடனே புரியும்.

இன்னொன்று. கைதானவருக்கு விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை 38ஆம் பிரிவில் இருக்கிறது, விசாரணை முழுக்கக் கூடவே உட்காரும் உரிமை இல்லை. கைதாகாமல் மனு விசாரணைக்குப் போகிறவருக்கு 38 பொருந்தாது என்று வெளியே நிற்கவைப்பார்கள். அங்கே சண்டை போடாதீர்கள். வக்கீல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கெஜட்_கண்ணன்

கையெழுத்து விஷயத்தை யாரும் தொடவில்லையே. மனு விசாரணையில் உண்மையான சேதம் அடி உதையால் வருவதைவிட “எழுதிக் கொடுத்துட்டுப் போங்க”வால்தான் அதிகம். “ஒரு மாதத்தில் 3 லட்சம் தந்துவிடுகிறேன்” என்று ஸ்டேஷனில் எழுதிய தாள், பின்னால் சிவில் வழக்கில் கடன் ஒப்புதலாக வந்து நிற்கும். பணத்தை வசூலித்துத் தர போலீஸுக்கு அதிகாரமே கிடையாது. அது கட்டப்பஞ்சாயத்து.

எழுதியே ஆக வேண்டிய நெருக்கடி வந்தால், தேதி, மணி, “காவல் நிலையத்தில் வைத்து” என்ற மூன்றும் உங்கள் கையெழுத்தில் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து எக்காரணம் கொண்டும் கூடாது. வெளியே வந்த அன்றே துணை ஆணையருக்கு மின்னஞ்சலில் “வற்புறுத்தி வாங்கப்பட்டது” என்று எழுதிவிடுங்கள். பத்து நாள் கழித்து எழுதினால், யோசித்துச் செய்த கதை என்பார்கள். எஃப்.ஐ.ஆர். உள்ள வழக்கில் போலீஸிடம் தரும் வாக்குமூலத்தில், 181ஆம் பிரிவின்படி, சொன்னவர் கையெழுத்துப் போடவே கூடாது. “இங்க ஒரு சைன் போடுங்க” என்றால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

நடைபாதை

எஃப்.ஐ.ஆர். உண்மையிலேயே இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஃபோனில் பேசுகிறவர் போலீஸ்தானா என்பதே இப்போதெல்லாம் சந்தேகம்.

தாள்பேனா

எஃப்.ஐ.ஆர். பதிந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016 உச்ச நீதிமன்ற உத்தரவு. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு, எண் போட்டுப் பார்க்கலாம். சி.எஸ்.ஆர். நிலையையும் அங்கேயே பார்க்கலாம்.

வந்த நம்பரை நம்பாமல், ஸ்டேஷனின் தரைவழி எண்ணைத் தேடி எடுத்துத் திருப்பி அழைத்து அந்தப் பெயரில் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். வீடியோ காலில் உட்காரவைத்து “நீங்கள் கைது” என்று சொல்வது மோசடிக்காரன் மட்டும்தான். சட்டத்தில் அப்படி ஒரு கைது இல்லை. பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930.

எழும்பூர்_எட்டு_மணி

கைதுக்கு வருவோம். இதில் கடிகாரம்தான் எல்லாம்.

அரசியலமைப்புச் சட்டப் பிரிவு 22(2), பி.என்.எஸ்.எஸ். 58 இரண்டுமே 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தச் சொல்கின்றன. பயண நேரம் கணக்கில் வராது. சிக்கல் எங்கே என்றால், 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்பதில். திங்கள் இரவு கூட்டிப்போனவரைச் செவ்வாய் மாலை “பேருந்து நிறுத்தம் அருகே சந்தேகப்படும்படி நின்றபோது” பிடித்ததாகக் கைதுக் குறிப்பில் எழுதுவார்கள். நடுவில் உள்ள அந்த 18, 20 மணி நேரம் காகிதத்தில் இருக்காது. காயங்கள் எல்லாம் அந்த நேரத்தில் விழுந்தவைதான்.

ஆகவே வீட்டார் செய்ய வேண்டிய முதல் வேலை, கூட்டிப்போன நேரத்துக்கு ஒரு சாட்சியத்தை உண்டாக்குவது. முன்பெல்லாம் வக்கீல்கள் உடனே தந்தி கொடுப்பார்கள், ஆணையருக்கு ஒன்று, தலைமை நீதிபதிக்கு ஒன்று. தந்தி ரசீதில் நேரம் அச்சாகியிருக்கும், அதை மாற்ற முடியாது. 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. அந்த இடத்தை இப்போது மின்னஞ்சலும் 112க்குச் செய்யும் அழைப்பும்தான் நிரப்புகின்றன. “என் கணவரை இத்தனை மணிக்கு, இந்த எண் வண்டியில், சீருடை இல்லாத நாலு பேர் கூட்டிப்போனார்கள், எந்த ஸ்டேஷன் என்று தெரியவில்லை” என்று 112இல் பதிவானால் அதற்கு நேரமுத்திரை உண்டு.

பிரிவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 36: கைது செய்பவரின் பெயர்ப்பட்டை தெளிவாகத் தெரிய வேண்டும், கைதுக் குறிப்பில் குடும்பத்தவரோ அப்பகுதி மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். 47: கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். 48: உறவினர் அல்லது நண்பருக்குத் தெரிவித்து, யாருக்குச் சொன்னோம் என்பதை ஸ்டேஷன் புத்தகத்தில் எழுத வேண்டும். 37: மாவட்டத்திலும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைது விவரங்களைப் பேணும் பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும். அவர் உதவி ஆய்வாளருக்கு அடுத்த நிலையான ஏ.எஸ்.ஐ. பதவிக்குக் கீழே இருக்கக் கூடாது.

47தான் இப்போது கூர்மையான ஆயுதம். காரணத்தை உரிய முறையில் தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பரில் மிஹிர் ஷா வழக்கில் இன்னும் ஒரு படி போனார்கள். எந்தக் குற்றமானாலும், கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும். உடனே முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னாவது எழுத்தில் தர வேண்டும். ரிமாண்டில் முதலில் கேட்க வேண்டியது இந்தத் தாளைத்தான். “மேற்படி குற்ற எண்ணில் கைது” என்ற ஒற்றை வரி காரணம் ஆகாது.

சாயங்கால_வாசல்

பெண்கள் பற்றிச் சேர்க்கிறேன். 43(5): சூரியன் மறைந்தபின், உதிக்கும் முன் கைது கூடாது. விதிவிலக்கான சூழல் என்றால் பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை தந்து நடுவரின் முன் அனுமதி பெற வேண்டும். ஆனால் இதை மீறினால் கைது தானாகவே செல்லாததாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பிரிவு வழிகாட்டும் தன்மையுடையதே என்று 2025 பிப்ரவரியில் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. ஏன் அனுமதி வாங்கவில்லை என்று அதிகாரி விளக்கம் தர வேண்டியிருக்கும், அந்த அளவில்தான் பயன்.

வயதுவந்த பெண் வீட்டைவிட்டு வந்த ‘காணவில்லை’ வழக்குகளிலும், தன்பாலின இணையர், திருநர் தொடர்பான அழைப்புகளிலும் ஒரு கூடுதல் பிடி உண்டு. தமிழ்நாடு கீழ்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 2022இல் 24-சி விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரையும் அவர்களுக்காக உழைப்பவர்களையும் துன்புறுத்துவதே நடத்தை விதி மீறல். புகாரில் இந்த விதி எண்ணைப் போட்டால் துறைரீதியான விசாரணைக்கு வழி பிறக்கும்.

கெஜட்_கண்ணன்

இப்போது சி.சி.டி.வி. இந்த இழையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், வரவேற்பு, நடைவழி, லாக்கப், இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, கட்டடத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கு வெளியே, இங்கெல்லாம் ஒலியும் பதிவாகும், இரவிலும் தெரியும் கேமரா வைக்கச் சொன்னது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அந்த வசதி கிடைக்காத இடத்தில் கூடிய அளவு நீண்ட காலம், எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமரா வேலை செய்வதற்குப் பொறுப்பு நிலைய அதிகாரி. பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு.

நிஜத்தில் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே போடலாம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. பத்து கேமராவுக்கு 216 ஜி.பி. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஐந்து நாள்கூடத் தாங்காது. 18 மாதம் வைக்க ஏறக்குறைய 116 டெராபைட் வேண்டும். ஸ்டேஷனில் இருக்கும் பெட்டியைப் பார்த்தாலே எத்தனை நாள் இருக்கும் என்று தெரிந்துவிடும். சாத்தான்குளத்தில் 2020இல் விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், டிஸ்க்கில் இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அறிக்கையில் எழுதினார். தீர்ப்பில் 18 மாதம் இருக்கிறதே என்று நம்பிப் பொறுமையாகத் தகவல் உரிமை மனு போட்டால், 30வது நாள் “பதிவு இல்லை” என்று பதில் வரும்.

அதனால் முதலில் ‘நகல் கொடு’ என்று கேட்காதீர்கள். ‘அழிக்காமல் பாதுகாத்து வை’ என்று கேளுங்கள். முதல் 48 மணி நேரத்துக்குள். நிலைய அதிகாரி, உதவி ஆணையர், துணை ஆணையர், ஆணையர் நாலு பேருக்கும் மின்னஞ்சல், கூடவே விரைவுத் தபால். (பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. சேர்ப்பித்ததற்கான சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.) பாதுகாக்கச் சொன்னபின் அழிந்தால் அது கோளாறாக இருக்காது, ஆதாரத்தை அழித்ததாகும். நீதிமன்றத்தில் வாதமே மாறிவிடும்.

தகவல் உரிமை மனுவை இணையாகப் போடுங்கள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. ஆள் இன்னும் காவலில் இருந்தால் தகவல் உரிமைச் சட்டம் 7(1)இன் 48 மணி நேர விதியை (உயிர், சுதந்திரம் தொடர்பான தகவலுக்கு) மேலேயே எழுதுங்கள். 8(1)(எச்) (விசாரணைக்கு இடையூறு), 8(1)(ஜே) (தனிநபர் தகவல்) காட்டி மறுப்பார்கள். அந்த மறுப்புக் கடிதமே, பதிவு இருந்தது என்பதற்கு ஒரு சான்று.

பழைய_ரைட்டர்

கணக்கு ஓரளவு சரி. ஆனா அசைவு இருந்தா மட்டும் பதியுற மாதிரி வைச்சிருந்தா இன்னும் பல நாள் தாங்கும். ராத்திரி காலியா கிடக்கிற வராண்டா பதிவாகாது. இன்னொரு விஷயம், ‘கேமரா பழுது’ன்னு பதில் வந்தா, பழுது பார்க்கச் சொல்லி எழுதுன கடிதத்தையும் அது அனுப்புன தேதியையும் கேளுங்க. பழுதானா உடனே மேலே தெரிவிக்கணும்னு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. சம்பவத்துக்கு முன்னாடி தேதில கடிதம் இல்லைன்னா மாட்டினாங்க.

ஸ்டேஷன் கேமராவை மட்டும் நம்பாதீங்க. எதிர்க்கடை, ஏ.டி.எம்., மெட்ரோ வாசல். கடைக்காரங்க பதிவு சில வாரத்துல மேலேயே எழுதிரும். செல்போன் அழைப்புப் பதிவை நிறுவனங்க ரெண்டு வருஷம் வைச்சிருக்கணும். 94ஆம் பிரிவுல கோர்ட்டு மூலமா கூட்டிட்டுப் போனவரோட டவர் விவரத்தை வரவழைக்கலாம். அது அவ்வளவு சீக்கிரம் அழியாது, பொய் சொல்லாது.

எழும்பூர்_எட்டு_மணி

காயம் இருந்தால்: 53ஆம் பிரிவுப்படி கைதானவுடன் மருத்துவப் பரிசோதனை. காயமும் அது ஏற்பட்டிருக்கக் கூடிய நேரமும் பதிவாக வேண்டும், நகல் கைதானவருக்குத் தர வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனை, இது 1996 டி.கே. பாசு தீர்ப்பு. மருத்துவரிடம் பேசும்போது போலீஸ்காரர் பக்கத்திலேயே நிற்பார். ‘எப்படி அடிபட்டது?’ என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்வார். பாத்ரூமில் வழுக்கி விழுந்த கதை அங்கேதான் பிறக்கிறது. நம்மூர் ஸ்டேஷன் பாத்ரூம்களின் தரையைப் பற்றித் தனி இழையே போடலாம்.

மருத்துவரிடம் சொல்ல முடியாவிட்டால் நடுவரிடம், “அடித்தார்களா?” என்று கேட்கும்போது. அங்கும் வாய் வராவிட்டால் மூன்றாவது வாய்ப்பு புழல். சிறையில் சேர்க்கும்போது மருத்துவர் உடலைப் பார்த்துக் காயங்களைப் பதிவேட்டில் எழுதுவார். அங்கே கூட வந்த போலீஸ் பக்கத்தில் இருக்க மாட்டார். ஜாமீனில் வந்தவர் அரசு மருத்துவமனையில் காட்டினால் விபத்துப் பதிவேட்டு நகலைக் கேட்டு வாங்க வேண்டும். தனியார் மருத்துவமனைச் சீட்டுக்கு அந்த எடை கிடையாது.

நடைபாதை

ஃபோனை வாங்கி ‘லாக் எடு’ என்றால்?

வாய்தா_வேலு

தெருவில் நிறுத்தி ஃபோனைத் திறந்து பார்க்கும் பொது அதிகாரம் எதுவும் இல்லை. வழக்கில் 94ஆம் பிரிவின் கீழ் எழுத்து உத்தரவோடு கருவியைக் கேட்கலாம். கடவுச்சொல்லைக் கட்டாயப்படுத்தலாமா என்பதில், தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(3)ஐ வைத்து, நீதிமன்றங்களே ஒரே குரலில் இல்லை. நடைமுறையில் முக்கியம் மகஜர், அதாவது கைப்பற்றியதற்கான குறிப்பு. ‘பாத்துட்டுத் தர்றோம்’ என்று மேசை அறைக்குள் போகும் ஃபோனுக்குக் காகிதமே இருக்காது. ஐ.எம்.இ.ஐ. எண் (கருவியின் அடையாள எண்), அணைத்த நிலையா எரியும் நிலையா, நேரம், இவை மகஜரில் வர வேண்டும். 105ஆம் பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். ஐ.எம்.இ.ஐ.யை இன்றைக்கே வீட்டில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நீங்கள் பொது இடத்தில் போலீஸைப் படமெடுத்திருந்தால், படமெடுப்பதே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் கையை நீட்டி முகத்தருகே கொண்டுபோனால், பணியைத் தடுத்ததாக பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 221, தள்ளுமுள்ளு என்றால் 132. தள்ளி நின்று எடுங்கள். அசல் ஃபோனை விற்றுவிடாதீர்கள். நீதிமன்றத்தில் பதிவைத் தாக்கல் செய்ய சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழும் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த நகலுக்கு இரண்டுமே வாங்க முடியாது.

சாயங்கால_வாசல்

போராட்டக் கைது தனி ரகம். சென்னை மாநகரக் காவல் சட்டம், 1888இன் 41ஆம் பிரிவுப்படி ஐந்து நாளுக்கு முன் அனுமதி கேட்க வேண்டும். வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் போன்ற இடங்களில்தான் கிடைக்கும். மீறினால் பேருந்தில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விடுவார்கள். பலர் இதைக் கைது என்றே நினைப்பதில்லை. பி.என்.எஸ்.எஸ். 172 இப்போது, போலீஸின் சட்டப்படியான கட்டளைக்கு இணங்காதவரைத் தடுத்துவைத்து 24 மணி நேரத்துக்குள் விடுவிக்கலாம் என்கிறது. எந்தப் பிரிவில் வைத்திருக்கிறீர்கள், 170ஆ (குற்றத்தைத் தடுக்க முன்கூட்டியே கைது) 172ஆ, என்று மண்டபத்திலேயே கேட்டுப் பெயர்ப்பட்டியலைப் படமெடுங்கள். இரவு தாண்டினால் வக்கீலுக்கு அந்தப் பட்டியல்தான் வேண்டும்.

தாள்பேனா

புகார் எங்கே என்பதையும் முடித்துவிடலாமே.

வாய்தா_வேலு

மாநில மனித உரிமைகள் ஆணையம் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ஆனால் சம்பவத்திலிருந்து ஓராண்டுக்குள். தேசிய ஆணையத்துக்கும் மாநிலத்துக்கும் ஒரே சமயத்தில் அனுப்புவது பெரிய தவறு. ஒன்றில் நிலுவையில் இருந்தால் மற்றது எடுக்காது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னபின் இழப்பீட்டு உத்தரவுக்குப் பல் முளைத்திருக்கிறது.

காவல் புகார் ஆணையத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. 2006 பிரகாஷ் சிங் தீர்ப்பு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அமைக்கச் சொன்னது. நம் 2013 சட்டம் உள்துறைச் செயலரைத் தலைவராகவும் டி.ஜி.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. யார் மேல் புகாரோ அவர்கள் வீட்டிலேயே பஞ்சாயத்து.

குற்ற வழக்கு வேண்டும் என்றால், ஸ்டேஷன் மறுத்தபின் 173(4)படி உயரதிகாரிக்கு எழுத்தில், பிறகு பிரமாணப் பத்திரத்தோடு நடுவரிடம். அரசு ஊழியர் மேல் என்பதால் 175(4)இல் அவருடைய மேலதிகாரியின் அறிக்கையைக் கேட்கும் படி ஒன்று புதிதாக வந்திருக்கிறது. தாமதம் அங்கேதான். ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் மட்டும் இவை எதுவும் வேண்டாம், நேராக ஆட்கொணர்வு மனு. காசில்லாதவர்களுக்கு 15100, சட்ட உதவி. காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு கிடையாது.

தாள்பேனா

கண்ணன் சொன்ன பாதுகாப்புக் கடிதத்துக்கு ஒரு வரைவு. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

“பொருள்: சி.சி.டி.வி. பதிவைப் பாதுகாக்கக் கோருதல். ____ காவல் நிலையத்தில் ____ தேதி மாலை 5.00 முதல் இரவு 11.30 வரை வாசல், வரவேற்பு, நடைவழி, ஆய்வாளர் அறை, லாக்கப் ஆகிய கேமராக்களின் ஒலி ஒளிப் பதிவை, உச்ச நீதிமன்றத்தின் 2.12.2020 தேதியிட்ட பரம்வீர் சிங் சைனி தீர்ப்பின்படி, மேலெழுதப்படாமல் தனிக் கருவியில் எடுத்துப் பாதுகாக்கக் கோருகிறேன். பதிவு இல்லையெனில், எந்தத் தேதியிலிருந்து, என்ன காரணத்தால் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.”

பழைய_ரைட்டர்

நல்லா இருக்கு. ஒரே திருத்தம். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற கடிகாரம் சரியா ஓடாது, கரண்ட் போய் வந்தா இருபது நிமிஷம், அரை மணி பின்னால நிக்கும். நீங்க 5.00ன்னு கேட்டா, பெட்டியோட 5.00 எடுத்துக் கொடுப்பாங்க, ஆள் உள்ளே நுழையுறது அதுல இருக்காது. 4.00லிருந்து 12.30 வரைன்னு போடுங்க. “பதிவுக் கருவியின் நேரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துத் தரவும்”னு ஒரு வரியும் சேர்த்துக்கோங்க.